சாயம் போன அரையிறுதி

ஒரு கால்பந்துக் குழு தோற்க எதிரணி வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. வெறி பிடித்த ரசிகை ஒருத்தி இருந்தாலே போதும். அந்த ரசிகை நான்தான்.

எங்கள் ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம். குழுவின் பெயர் மின்னல், தலைவன் என் தம்பி சரவணன். அந்த சீசனில் ஆட்டமும் பெயருக்கு ஏற்ற மாதிரிதான் இருந்தது. எப்போது வெட்டும், எப்போது காணாமல் போகும் என்று சொல்ல முடியாது. திண்டுக்கல்லிலிருந்து பூட்ஸும் பயிற்சியாளருமாக வந்து இறங்கிய குழுவை ஓட ஓட விரட்டினார்கள். அடுத்த வாரமே, ஆள் பற்றாமல் வேன் டிரைவரை கோல்கீப்பராக நிறுத்திய குழுவிடம் தோற்றார்கள். (அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.) தோற்ற நாளில் எனக்குச் சோறு இறங்காது. தோற்ற தம்பியோ தொட்டுக்கொள்ள இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வைக்கச் சொல்வான்.

இதற்கெல்லாம் காரணம் உடைதான் என்று கண்டுபிடித்தேன். ஒருவன் உரக்கடை விளம்பர பனியன், இன்னொருவன் கட்சி மாநாட்டு டீ-ஷர்ட். ஒரே மாதிரி உடுத்தாதவர்கள் எப்படி ஒரே மாதிரி ஆடுவார்கள்? (அன்றைக்கு எனக்கு இது பெரிய தத்துவமாகத் தெரிந்தது.)

எப்படியோ எட்டிவிட்ட அரையிறுதியைப் பார்க்கக் கல்லூரி ஒன்றிலிருந்து விளையாட்டு ஆசிரியர் வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் சரவணனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம். அவன் எடுத்த மார்க்குக்கு வேறு எந்தக் கதவும் திறக்காது. நான் குழு முழுவதற்கும் வெள்ளைப் பனியன் வாங்கினேன். சின்னாளப்பட்டி போய் நீலச் சாயப் பொட்டலமும் வாங்கி வந்தேன். வெந்நீர் வைக்கப் பொறுமையில்லாமல் பச்சைத் தண்ணீரிலேயே முக்கிக் காயப்போட்டேன்.

ஆட்டத்தன்று காலையில் பனியனைத் தொட்டுப் பார்த்த சரவணன் விரலைக் காட்டினான்.

"அக்கா, கையில ஒட்டுதே?"

"புதுசுன்னா அப்படித்தான்டா. போட்டுட்டுப் போ."

முதல் பாதியில் நீலப் பனியன்கள் வெயிலில் மின்னின. எதிரணி வெள்ளை. சரவணன் இரண்டு பேரைத் தாண்டி, மூன்றாமவன் திரும்புவதற்குள் பந்தை வலைக்குள் தள்ளினான். ஆசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, யார் அந்தப் பையன் என்று கேட்டார். என் தம்பி என்று எழுந்து நின்று சொன்னேன்.

இடைவேளை முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது.

நீலம் முதலில் தொடைக்கு இறங்கியது, பிறகு முழங்காலுக்கு. எங்கள் பனியன்கள் வெளுத்தன. மோதி விழுந்த எதிரணிக்காரர்கள்மேல் சாயம் ஏறி அவர்கள் வெள்ளை நீலமானது. கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுக்க ஒரே வெளிர்நீலக் கூட்டம். நான் ஆசைப்பட்டபடியே எல்லாரும் ஒரே மாதிரி உடுத்தியிருந்தார்கள். சரவணன் அழகாக ஒரு பந்தைக் கடத்தினான், எதிரணிக்காரன் காலுக்கு. அவன் அதைக் கோலாக்கினான். எங்கள் கோல்கீப்பர் நம்மாள்தானே என்று வழிவிட்டு நின்றதில் அடுத்த கோலும் விழுந்தது.

ஆசிரியர் குடைக்குள்ளிருந்து என்னைக் கேட்டார்.

"இதுல உங்க தம்பி யாரும்மா?"

கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சரவணன் கழுத்துக்குக் கீழே முழு நீலமாக இருந்தான். ஏதாவது திட்டு என்று கெஞ்சினேன்.

"தோத்தது நாங்கக்கா. நீ எதுக்கு அழுகுற?" என்றான்.

அவன் தோளைப் பிடித்த கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வாசலில் நின்ற அம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஏன் எதற்கு என்று தெரியுமுன்பே சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. சரவணன் அந்த வருஷமே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொட்டு நான் பார்க்கவில்லை. தீபாவளிக்கு வந்தால், புதுத்துணியைப் பிரித்ததும் விரலால் தேய்த்துப் பார்ப்பான். பிறகு என்னைப் பார்ப்பான். வீடே உருண்டு சிரிக்கும், நானும்தான். மழையிலிருந்து ஆரம்பித்து அத்தனை பேரும் மறுபடி சொல்லி முடிப்பார்கள்.

போன பொங்கலுக்கு அவன் மகள், அப்பா நன்றாகப் பந்து விளையாடுவாரா என்று கேட்டாள்.

"அத்தையக் கேளு" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து வெளியே போனான்.

அவளை மடியில் இழுத்து உட்காரவைத்து, முதல் பாதியை மட்டும் சொன்னேன்.