கறம்பக்குடியில் எனக்கு இன்னோர் அப்பா

கேத வீட்டுக்குப் போகிறவர்கள் வாசலில் கால் வைப்பதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். செத்தவர் நமக்கு என்ன வேண்டும்? பங்காளியா, மாமன் மச்சானா, கூடப் படித்தவரின் தகப்பனாரா? எதுவானாலும் சரி, யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்லத் தெரிய வேண்டும். நான் முடிவு செய்யாமல் போய்விட்டேன். அதனால் கறம்பக்குடியில் எனக்கு இன்னோர் அப்பா இருக்கிறார். இருக்கிறார் என்றால், செத்துப்போய் இருக்கிறார்.

அப்போது நான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் தமிழில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். சேர்ந்து பல மாதமாகியும் தலைப்பு அமையவில்லை. என் நெறியாளரான மேடத்திடம் ‘பழம் இலக்கியத்தில் பறவைகள்’ என்று எழுதிக்கொண்டு போனேன்.

“இது எப்பவோ பறந்துருச்சும்மா” என்றார்.

‘பழம் இலக்கியத்தில் மலர்கள்’ என்று போனேன். “அதுவும் வாடிருச்சு.” மூன்றாவது தடவை ‘மலைகள்’ என்று ஆரம்பித்ததுமே கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

“ஏம்மா வளர்மதி, ஒனக்குன்னு எதுவுமே பிடிக்காதா?”

“எல்லாமே பிடிக்கும் மேடம்.”

“எல்லாம் பிடிக்கும்னா ஒண்ணும் பிடிக்கலன்னு அர்த்தம். ரோட்டுல போறப்ப எதைப் பாத்தா தானா நிப்ப? அதச் சொல்லு.”

யோசித்தேன். புரோட்டாக் கடையில் கொத்துகிற சத்தம் கேட்டால் நிற்பேன். ஜவுளிக்கடைப் பொம்மை கட்டியிருக்கும் சேலை நன்றாக இருந்தால் நிற்பேன். இரண்டையும் சொன்னேன். மேடம் முகத்தில் ஈ ஆடவில்லை. வேறு வழியில்லாமல் மூன்றாவதையும் சொன்னேன்.

“செத்துப்போனவங்களுக்குக் கண்ணீர் அஞ்சலின்னு பேனர் வைப்பாங்கல்ல மேடம், அதப் பாத்தா நிப்பேன். கீழ இருக்குற பேரு மொத்தத்தையும் படிச்சிட்டுத்தான் நகருவேன். அதுல ரெண்டு பஸ்ஸுகூட விட்டுருக்கேன்.”

மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “இது தலைப்பு. ஏன் படிக்கிற?”

“தெரியல மேடம்” என்றேன்.

தெரியும். நான் ப்ளஸ் ஒன் படிக்கும்போது, பம்புசெட் மோட்டாரைப் போடப் போன அப்பா திரும்பி வரவில்லை. ஊர் முக்கில் அவருக்குப் பெரிய பேனர் வைத்தார்கள். அதில் அண்ணன் பெயர் இருந்தது. சித்தப்பாக்கள், அவர்களுடைய மகன்கள், இன்னும் பல் முளைக்காத ஒரு பேரன், அண்ணனோடு கிரிக்கெட் ஆடுகிற பையன்கள், எல்லோர் பெயரும் இருந்தன. அடியில் பேனர் அடித்துக்கொடுத்த கடைக்காரரின் பெயரும் செல் நம்பரும் இருந்தன. அம்மா பெயர் இல்லை. என் பெயர் இல்லை. அன்றைக்கு அதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் டீ ஊற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. அழுவதற்கே நேரம் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் மேடத்திடம் சொல்லியிருந்தால், இன்னும் கொஞ்சம் யோசித்து அனுப்பியிருப்பார். அவரோ, “முதல்ல ஒரே ஒரு வீட்டுக்குப் போயிட்டு வா. யாரு பேரு போடணும், யாரு பேரு வேண்டாம்னு அங்க யாரு முடிவு பண்றாங்கன்னு விசாரி” என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் ஊர்ப் பக்கம் என்றால் எல்லோருக்கும் என்னைத் தெரியும். (அன்றைக்கு அதை ஒரு தொந்தரவு என்று நினைத்தேன். அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று பிறகுதான் புரிந்தது.) அதனால் கறம்பக்குடிக்குப் பஸ் ஏறினேன். துக்க வீடு என்பதால் இருப்பதிலேயே சாயம் போன சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். தலையில் பூ வைக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, மரியாதையாக இருக்கட்டுமே என்று நெற்றிப் பொட்டையும் எடுத்துவிட்டேன். இவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிட்டவள், யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டிலேயே பேனர் இருந்தது. சுந்தரம் என்று பெயர், பெரிய மீசை, லாரி ஓட்டுநர் என்று போட்டிருந்தது. பக்கத்துப் பூக்கடையில் வீட்டைக் கேட்டேன். “அங்கிட்டுப் போயி தண்ணி டேங்குகிட்ட திரும்புங்க. நேத்துத்தான் எடுத்தாங்க, பாவம்” என்றார் கடைக்கார அம்மா.

வீட்டு வாசலில் பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் அப்படியே கிடந்தன. இங்கும் ஒரு பேனர். நான் நேராக அதன் எதிரில் போய் நின்று, போனை எடுத்து முழுதாக ஒன்று, பெயர்களை மட்டும் பக்கத்தில் வைத்து ஒன்று, இறந்தவர் முகத்தை ஒன்று என்று படம் எடுத்தேன். மகன் பெயர் இருந்தது, மருமகன்கள் இரண்டு பேரின் பெயர்கள் இருந்தன, பேரன்கள் இருந்தார்கள். மகள்கள் இல்லை. மனைவியும் இல்லை.

“யாருத்தா நீ?” என்றார் உள்ளேயிருந்து வந்த ஒரு பெண்.

ஆராய்ச்சி செய்ய வந்திருக்கிறேன் என்று அந்த இடத்தில் சொல்ல வாய் வரவில்லை. “சும்மா... ஐயாவப் பாக்கலாம்னு...” என்றேன். நேற்று எரித்தவரை இன்றைக்குப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அதற்குள் பெண்கள் சூழ்ந்து என் தோளில் கை போட்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். வழக்கம்தான். வந்தவளும் சேர்ந்து கொஞ்சம் அழுதுவிட்டு விலகிவிட வேண்டும். எனக்கு விலகத் தெரியவில்லை. “எங்கள விட்டுட்டுப் போயிட்டீகளே” என்று யாரோ சொன்னார்கள். எனக்குள் என்னவோ உடைந்தது. அந்த மோட்டார் கொட்டகையும், டீக் கேனும், யாரும் கேட்காத என் பெயரும் ஒன்றாக ஏறி வந்தன. குரலெடுத்து அழுதேன். சுற்றியிருந்தவர்கள் அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்த பிறகும் அழுதுகொண்டிருந்தேன்.

“பெத்த பொண்ணுகூட இப்படி அழுவலையே” என்று ஒரு குரல் கேட்டது. பாராட்டு என்று நினைத்தேன்.

தண்ணீர் கொடுத்தார்கள். பக்கத்தில் இறந்தவரின் மூத்த மகள் கலா உட்கார்ந்திருந்தார். வந்த வேலையை முடித்துவிடலாம் என்று தொடங்கினேன்.

“அக்கா, ஐயாவுக்கு மொத்தம் எத்தன புள்ளைங்க?”

“மூணு. ஏன்?”

“பேனர்ல பேரு போடுறத யாரு முடிவு பண்ணுனது?”

“சித்தப்பாவும் தம்பியும்.”

“இதுல பொம்பளப் புள்ளைகளுக்குப் பங்கு உண்டாக்கா?”

நான் கேட்டது, பெயர்களை முடிவு செய்வதில் பெண்களுக்கும் இடம் உண்டா என்று. வீட்டிலிருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது ‘பங்கு’ என்ற ஒரே சொல். ஓரமாக ஃபேனுக்கு அடியில் படுத்திருந்த சித்தப்பா எழுந்து உட்கார்ந்தார்.

“பாப்பா, எந்த ஊரு நீ?”

“புதுக்கோட்டைப் பக்கங்க.”

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுந்தரம் வண்டியைப் புதுக்கோட்டையில்தான் நிறுத்துவாராம், மாதத்தில் பாதி நாள் அங்கேதான் படுப்பாராம். இது எனக்கு எப்படித் தெரியும்?

“ஒங்கப்பா என்ன பண்றாரு?”

“எறந்துட்டாருங்க.”

“இங்க எதுக்கு வந்த? உண்மையச் சொல்லு.”

உண்மையைச் சொன்னேன். அந்த நாளில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

“எங்கப்பா செத்ததுக்கு வச்ச பேனர்ல எம்பேரு இல்லைங்க. அதான் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

பந்தலில் ஒரு நாற்காலி விழுந்தது. மகன் பாய்ந்து வந்து என் போனைப் பிடுங்கிப் படங்களையெல்லாம் அழித்தான். “நேத்து எடுத்தோம், இன்னிக்கு வந்து நிக்கிறியா?” என்று கத்தினான். கல்லூரி அட்டையைக் காட்டினேன். சித்தப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் ‘சு. வளர்மதி’ என்று இருந்தது. எங்கப்பா சுப்பையாவுக்கும் சு, செத்துப்போன சுந்தரத்துக்கும் சு.

“இன்சியலு வேற போட்டுருக்குது” என்றார் சித்தப்பா.

அப்போதுதான் உள் அறையிலிருந்து சுந்தரத்தின் மனைவி வந்தார். கூட்டம் விலகியது. அவர் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. என் தாடையைப் பிடித்து முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“ஒங்கம்மா பேரு என்னத்தா?”

“செல்விங்க.”

(எங்கள் மாவட்டத்தில் எந்த டவுன் பஸ்ஸிலும் ‘செல்வி’ என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். அதைச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.)

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அவரு போன்ல செல்வின்னு ஒரு நம்பரு இருந்துச்சு. யாருன்னு கேட்டேன். டயரு கடைன்னாரு.”

“டயரு கடைதாம்மா!” என்றான் மகன். “நானே போயிருக்கேன்!” அவர் காதில் அது ஏறவில்லை. நேற்றுவரை அவருக்குப் புருஷன்தான் இல்லாமல் போயிருந்தார். இப்போது புருஷன் இருந்த நாட்களும் போய்க்கொண்டிருந்தன. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

போனைத் திரும்ப வாங்கி மேடத்துக்குப் போட்டேன், எடுக்கவில்லை. அண்ணனுக்குப் போட்டேன். சித்தப்பா ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

“அண்ணே, நம்ம அப்பா பேரு என்ன?”

“ஏன், அதையும் பரிச்சைல கேக்குறாங்களா?”

“சொல்லுண்ணே!”

“சுப்பையா. என்னாச்சு ஒனக்கு? அழுவுறியா? எங்க இருக்க?”

“ஒரு கேத வீட்டுல.”

“யாரு செத்தா?”

“எங்கப்பாடா!” என்று கத்தினான் சுந்தரத்தின் மகன்.

பிறகு சித்தப்பா விவரம் சொல்லி, அப்பா படம் இருந்தால் உடனே அனுப்பச் சொன்னார். அண்ணன் போனில் இருந்தது ஒரே ஒரு படம்தான். அந்தப் பேனர். வந்தது. சித்தப்பா அதைப் பெரிதாக்கி, ஒவ்வொரு பெயராக விரலால் நகர்த்திக்கொண்டே போனார். பல் முளைக்காத பேரன்வரை வாசித்தார். செல் நம்பரையும் வாசித்தார்.

“இவரு வேற ஆளுதான். ஒத்துக்கிறேன். ஆனா இதுல ஒம்பேரே இல்லையே. நீ இவரு மகதான்னு என்ன அத்தாச்சி?”

அத்தனை வருடமாக அந்தக் கேள்வியைத்தான் நான் பஸ்ஸை விட்டுவிட்டு ஊர் ஊராகப் படித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

“விடுங்க சித்தப்பா” என்றார் கலா. “வாசல்ல இருக்குற பேனர்ல எம்பேருந்தான் இல்ல. அப்ப நா யாரு மக?”

சித்தப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டார். அதன் பிறகு யாரும் சத்தம் போடவில்லை. கலாவின் கணவர் என்னை மோட்டார் சைக்கிளில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார். கிளம்பும்போது அந்த அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். என் முகத்தில் இன்னும் எதையோ தேடினார்.

மறுநாள் மேடம் முழுவதையும் கேட்டுவிட்டு, “பேனரப் போட்டோ எடுத்தியா?” என்றார். அழித்துவிட்டார்கள் என்றேன். “பரவால்ல, தலைப்பு கெடச்சிருச்சு” என்றார். கிடைத்தது. பட்டமும் கிடைத்தது. வீட்டில் நான் எதற்காவது முரண்டு பிடித்தால், “போ, கறம்பக்குடிக்குப் போயிப் பங்கு கேளு” என்று அண்ணன் இன்றுவரைக்கும் சொல்கிறான். என் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொன்னான்.

ஆனால் அந்த அம்மா விடவில்லை. நான் கிளம்பும்போது கலா குறித்துவைத்த நம்பரை வாங்கி, சுந்தரத்தின் திதி வருகிறபோதெல்லாம் கூப்பிடுவார். “எனக்கு ஒண்ணும் கோவம் இல்லத்தா. ஒங்கம்மாகிட்ட ஒரு வார்த்த பேசணும், அவ்வளவுதான்” என்பார். நானும் ஒவ்வொரு தடவையும் டயர் கடையிலிருந்து தொடங்கி விளக்குவேன். “சரித்தா” என்று வைத்துவிடுவார். அடுத்த திதிக்கு மறுபடியும் அதே கேள்வி.

ஒரு தடவை நான் குளித்துக்கொண்டிருந்தபோது போன் வந்து, எங்கம்மா எடுத்துவிட்டார். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது பேசி முடித்துவிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“என்னம்மா சொன்ன?”

“நா இல்ல, நா இல்லன்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். நம்ப மாட்டேங்குறா. அங்கிட்டு அழுதுக்கிட்டே இருக்கா. கடைசில, ஆமா, நாந்தான்னு சொல்லிட்டேன்.”

“அய்யோ! அம்மா!”

“என்ன அய்யோ? அப்புறந்தான் அவளுக்கு மூச்சே வந்துச்சு. ஒண்ணும் திட்டல. அவரு ஒன் வீட்டுலயாச்சும் வேளாவேளைக்குச் சாப்புட்டாரான்னு கேட்டா.”

“அதுக்கு என்ன சொன்ன?”

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சாப்புட்டாருன்னேன். கருவாட்டுக் கொழம்பு வச்சா மட்டும் ரெண்டு தட்டுச் சோறு கேப்பாருன்னேன்.”

கருவாட்டுக் குழம்புக்கு இரண்டு தட்டுச் சோறு கேட்டது எங்கப்பா.