பொன்முடிக்குப் போன டர்போ

வலியசாலை ராமசுப்ரமணியனுக்கு அன்று வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடம் வரை வந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பாகீரதி! அந்த வேலாயுதனை நான் விடப் போறதில்லே!"

"முதல்லே செருப்பை விடுங்கோ" என்றாள் பாகீரதி.

விஷயம் இதுதான். செக்ரட்டேரியட்டில் பக்கத்து நாற்காலிக்காரன் வேலாயுதன், கான்டீனில் பத்துப் பேர் நடுவில், "ஸாரிடெ காரெ பூஜை ரூமிலெ வைக்கலாம். மலை கேறாது" என்று சொல்லிவிட்டான். பத்துப் பேரும் சிரித்தார்கள். டீ கொடுக்கிறவனும் சிரித்தான்.

"சொல்லிட்டுப் போறார். அது என்ன, உங்க காரா?"

சுருக்கென்றது. கார் பாகீரதியின் தம்பியுடையது. குவைத்தில் வேலை பார்க்கும் அம்பி கப்பலில் கொண்டுவந்து இறக்கிய ஜெர்மன் கார். லீவு முடிந்ததும் அதைக் கொல்லைப்புற ஷெட்டில் விட்டு, "வாரத்துக்கு ஒரு தடவை ஓடணும், அத்திம்பேர். இல்லேன்னா பாட்டரி போயிடும்" என்று சாவியைக் கையில் கொடுத்தான். அக்காவிடம் தனியாக ஏதோ பேசிவிட்டு விமானம் ஏறினான்.

காரில் டர்போ இருந்தது. இன்ஜின் விடுகிற புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரம் காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும். மற்ற கார்களில் ரெண்டு சக்கரம் இழுக்கும். இதில் நாலும் இழுக்கும். புத்தகத்தைப் படித்துவிட்டு ராமசுப்ரமணியன் இதைத் தெருவுக்கே பாடம் நடத்தினார். தோல் சீட்டில் உட்கார்ந்தவர் குளிக்காமல் சமையலறைப் பக்கம் வரக்கூடாது என்று பாகீரதி போட்ட உத்தரவை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

"பந்தயம் போட்டாச்சு!" என்று கத்தினார். "ஆவணி அவிட்டத்தன்னிக்கு எனக்கு லீவு. காலம்பற நம்ம தெருவிலேருந்து புறப்படறது. பொன்முடி உச்சிக்கு யார் முன்னாடி போறாளோ அவா ஜெயிச்சா. தோத்தவன் ஒரு மாசம் ஞாயித்துக்கிழமைதோறும் ஜெயிச்ச வண்டியைக் கழுவணும். இதே தெருவிலே. எல்லாரும் பார்க்க!"

"மலையிலே இருபத்திரண்டு வளைவாமே. நானும் வரட்டுமா?"

"நீயா? பொம்மனாட்டிக்கும் டர்போவுக்கும் என்னடி சம்பந்தம்? கரண்டி பிடிக்கிற கை கரண்டியைப் பிடிச்சாப் போறும்!"

பாகீரதி பதில் பேசவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கல்யாணமாகி இருபத்திமூன்று வருஷத்தில் அவள் பதில் பேசாமல் போன நாட்களில் எல்லாம் என்ன நடந்தது என்று ராமசுப்ரமணியன் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். கோபக்காரருக்கு ஏது அந்த ஒரு நிமிஷம்?

மறுநாளே காரை ஆரியசாலை மெக்கானிக் நேசையனிடம் கொண்டுபோனார்.

"நேசையா, டர்போவை ஏத்து!"

"ஸாரே, நம்ம பங்க்குல கிட்டுத பெட்ரோலுக்கு இம்புட்டுக் காத்து தாங்காது. எஞ்சின் உள்ள கடகடன்னு முட்டும். காத்தைக் கொறச்சு, கொஞ்சம் தாத்தி வச்சா, சத்தமில்லாம உச்சி வரைக்கும் போவும், கேட்டேளா."

"சத்தமில்லாமப் போறதுக்கு ஜெர்மன் கார் எதுக்குடா? எருமை போறாதா? ஏத்துன்னா ஏத்து!"

நேசையன் தலையில் அடித்துக்கொண்டு ஏற்றினான். கார் சீறியது. இன்ஜினுக்குள் யாரோ கருங்கல் ஜல்லியைக் கொட்டிக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதுதான் வேகத்தின் சத்தம் என்று ராமசுப்ரமணியன் முடிவு செய்தார்.

மூன்றாம் நாள் ஷெட்டிலிருந்து எடுத்தால், சீற்றத்தைக் காணோம். டர்போ முள் பாதி வழியில் நின்றுகொண்டது. உட்காரும்போதே முழங்கால் ஸ்டியரிங்கில் மடேரென்று இடித்தது. சீட் நாலு விரல் முன்னால் நகர்ந்திருந்தது. மீட்டரில் முப்பது கிலோமீட்டர் கூடியிருந்தது.

"வேலாயுதன்!" என்று அலறினார். "அந்தக் குள்ளன்தான்! நான் ஆபீஸிலே இருக்கச்சே இங்கே வந்து வண்டியைக் கெடுத்துட்டுப் போறான்!"

"அவர் உங்க பக்கத்து நாற்காலியிலேன்னா இருப்பார்?"

"டீ குடிக்கப் போறேன்னு ஒரு மணி நேரம் காணாமப் போறானே! எங்கே போறான்? கேளு!"

"நான் எதுக்குக் கேக்கணும்? சாவியை ஆணியிலே மாட்டி வெச்சா யார் வேணும்னாலும் எடுப்பா. பேசாம பூணூல்லே முடிஞ்சுக்கோங்கோ. தூங்கினாலும் குளிச்சாலும் உங்க மேலேயே இருக்கும்."

கோபத்திலும் ராமசுப்ரமணியனுக்குச் சந்தோஷம் வந்தது. இத்தனை வருஷத்தில் இவள் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான யோசனை! உடனே முடிந்துகொண்டார். நேசையனை அரைமணி நேரம் திட்டி, டர்போவை மறுபடி ஏற்ற வைத்தார். ஆபீஸில் வேலாயுதனைப் பார்க்கும்போதெல்லாம் சட்டைக்கு மேலேயே மார்பைத் தட்டிக் காண்பித்தார். வேலாயுதன், பாவம், நெஞ்சுவலி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

ஆவணி அவிட்டம் வந்தது. கரமனை ஆற்றுக் கடவில் நல்ல கூட்டம். வாத்தியார் நிதானமாக மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். ராமசுப்ரமணியனுக்கு உள்ளே ஆயிரம் கார் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது எதிர்வீட்டு நீலகண்டன் படியிறங்கி வந்தார்.

"ஓய், பாகீரதி சொல்லியனுப்பினா. வேலாயுதன் தெருமுனையிலே வந்து ஹாரன் அடிச்சிண்டிருக்கானாம்."

போயிற்று நிதானம். வாத்தியார் ஒரு வரி சொல்வதற்குள் இவர் மூன்று வரி சொன்னார். புதுப் பூணூலைப் போட்டார். பழசைக் கழற்றி ஆற்றில் வீசினார். வருஷா வருஷம் மிதந்து போகிற பூணூல் இந்த வருஷம் டொபுக்கென்று முழுகியது.

இதென்ன அதிசயம் என்று பார்த்தார். கை மார்புக்குப் போனது. புது நூல். வெறும் நூல்.

"சாவி!"

குதித்தார். முழுகினார். சேற்றை அள்ளினார். ஒரு செருப்பும் அரைத் தேங்காயும் கிடைத்தன. ஆற்றைத் திட்டினார், வாத்தியாரைத் திட்டினார், நீலகண்டனின் பரம்பரையைத் திட்டினார். சொட்டச் சொட்ட வீட்டுக்கு ஓடினார்.

ஷெட் திறந்து கிடந்தது. கார் இல்லை. பாகீரதியும் இல்லை.

"திருடன்! போலீஸ்!" என்று கத்தினார். எதிர்வீட்டு சுப்புலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள்.

"திருடனும் இல்லே, ஒண்ணும் இல்லே. மாமி எட்டரைக்கே கிளம்பியாச்சு. வேலாயுதன் வண்டியும் கூடவே போச்சு."

"காரை யார் ஓட்டினா?"

"யாரா? வழக்கமா ஓட்டறவாதான்."

ராமசுப்ரமணியன் ஷெட்டின் நடுவில், கார் நிற்கிற இடத்தில் உட்கார்ந்தார். இவ்வளவு கோபத்தை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. அடுப்படியில் அப்பமும் வடையும் மூடி வைக்கப்பட்டிருந்தன. கோபத்தோடு ஏழு வடை தின்றார்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கார் தெருவில் நுழைந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஸ்டியரிங்கில் பாகீரதி. பின்னால் கயிற்றில் கட்டி இழுபட்டு வந்தது வேலாயுதனின் கார். தெருவே வாசலில் நின்றது.

வேலாயுதன் வேர்த்து விறுவிறுத்து இறங்கினான். "ஸாரே, பதினாலாம் வளவுலெ என்றெ வண்டி திளச்சு, ஆவி பறந்து நின்னு போச்சு. மாமி மெள்ளே, ஒரு முட்டும் இல்லாமெ, என்னைக் கடந்து மேலே போயிட்டாங்க. நான் தோத்தேன்."

"நேசையன் நேத்தே வந்து தாத்தி வெச்சுட்டுப் போனான்" என்றாள் பாகீரதி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே. அம்பி அவளிடம் கொடுத்திருந்த இன்னொரு சாவி.

மனைவியிடம் கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. ஆனால் வேலாயுதன் தோற்றான் என்ற ஒரு வார்த்தையில் ராமசுப்ரமணியனுக்கு எல்லாம் மறந்துவிட்டது. மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"பார்த்தியா என் டர்போவை! கான்டீன்லே சிரிச்சியே? கழுவுடா இப்போ!"

"கழுவறேன் ஸாரே. பக்கெட்டு ரெண்டு வேணும்."

"ரெண்டு எதுக்கு?"

"முன்னாடி மேலே போனவங்கதானே ஜெயிச்சது? அது மாமி. மேலே போகாதவங்க நம்ம ரெண்டு பேரும்."

தெரு சிரித்தது. சுப்புலக்ஷ்மி யாரும் கேட்காமலே ரெண்டு பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

தோல் சீட்டில் உட்கார்ந்தவள் என்பதால் பாகீரதி நேரே கிணற்றடிக்குக் குளிக்கப் போனாள். பாதி வழியில் நின்று திரும்பினாள்.

"ஏன்னா, துடைக்கறச்சே அந்த சீட்டை மட்டும் பின்னாடி தள்ளிடாதேங்கோ. ஒவ்வொரு தடவையும் முன்னாடி இழுத்து இழுத்துக் கரண்டி பிடிக்கிற கை வலிக்கறது."