ராமையா நொண்டாமல் நடந்த நாள்

வெள்ளைக்காரத் துரை ஓட்டமெடுத்தபோது விட்டுப்போன பூட்ஸுக்குள் ராமையா மடித்த ரப்பர் ஷீட்டைத் திணித்துக்கொண்டிருந்தார். மரம் விழுந்ததில் அவருடைய வலது கால் குட்டையாகிப் பல வருஷமாகிறது. அறுபதை நெருங்கும் நொண்டிக்கு எவன் வேலை கொடுப்பான்? ஜப்பான்காரன் வந்த பிறகு வேலையில் இருப்பவனுக்குத்தான் அரிசி. வீட்டில் மனைவி பாப்பம்மா சோற்றை மறந்தே மாதக்கணக்காகிறது.

சிடாம் கிரி ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மரவள்ளிக்கிழங்கு களவு போகிறது, ஜாகாவாக ஒரு காவல்காரன் வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி மணியத்துக்கு ராமையாவை முன்பின் தெரியாது. அதுதான் வசதி என்று அவர் முன்னால் போய்ப் பட்டாளத்துக்காரன் மாதிரி நடந்து காட்டினார்.

மணியத்தின் முகம் சுருங்கியது. வயதாகிவிட்டதே, திருடனைத் துரத்த முடியுமா என்று இழுத்தார். ராமையா சும்மா இருந்திருக்கலாம். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடியே காட்டினார்.

"இவ்வளவு தெம்பான ஆளு இங்க எதுக்குலா? சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் கேக்குறான் ஜப்பான்காரன். உன்னை அனுப்பிடறேன்" என்றார் மணியம்.

சயாமுக்குப் போனவர்களில் ஒருவரும் இன்னும் திரும்பவில்லை. ராமையா பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு நொண்டினார்.

"நான் நெசமாவே நொண்டிங்கய்யா."

சயாம் பேச்சு வந்ததிலிருந்து தோட்டத்தில் பாதிப் பேர் நொண்டுகிறார்கள், இதைவிட நன்றாக நொண்டியவர்களையே ரயிலேற்றியாயிற்று என்றார் மணியம். பயத்தில் ராமையா இன்னும் பலமாக நொண்டினார். அது அசல் நடிப்பாகவே தெரிந்தது.

மணியம் சட்டென்று வாசலில் கட்டியிருந்த நாயை அவிழ்த்துவிட்டார். ராமையா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தார், குப்புற விழுந்தார். நாய் அவரை முகர்ந்து பார்த்துவிட்டுப் பூட்ஸைக் கடிக்கப் போய்விட்டது.

மணியத்தின் முகம் மலர்ந்தது. தாமே கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அன்றைக்கே காவலுக்கு வரச் சொன்னார், அரிசியையும் முன்கூட்டியே அளந்து கொடுக்கச் செய்தார். ராமையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அரிசி மூட்டையை அணைத்தபடி வெளியே வந்தவர், ஆபீஸ் கூட்டும் அழகம்மாவிடம் கிராணியின் இரக்க குணத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அவள் கூட்டுவதை நிறுத்தவில்லை.

"நொண்டிக்கிட்டே வந்திருந்தா அப்பவே கெடைச்சிருக்கும்ண்ணே. கெழங்கத் திருடுறதே கிராணிதான், ஓடிப் பிடிக்கிற ஜாகா அவருக்கு எதுக்கு?"