பொருள்: குளுக்கோஸ், பெறுபவர்: மனைவி

மதிப்புக்குரிய மைத்துனர் பேராசிரியர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிம்மதியாகவும் இருப்பீர்கள், ஏனென்றால் நீங்கள் எழுதிய புத்தகம் என் வீட்டில் அல்லவா இருக்கிறது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் அக்காவுக்கும் இப்போது தேவலை. ஆனால் அவள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். வருகிற வியாழக்கிழமை பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு வரப்போவதாகவும், எப்போது திரும்புவாள் என்பது அவளுக்கே தெரியாது என்றும் எனக்கு அறிவித்திருக்கிறாள். ஆகவே இதைக் கண்டதும், 'அக்கா, இப்போது சௌகரியப்படாது' என்று அவளிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடவும். நானே உங்களுக்குப் போன் செய்திருக்கலாம். அவள் காதில் விழும்.

இதற்கெல்லாம் மூல காரணம் தாங்கள்தான் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். நான் ஓய்வு பெற்ற அன்று, செல்கள் சக்தியை எப்படிப் பிடிக்கின்றன, எங்கே சேமிக்கின்றன, எப்படிச் செலவழிக்கின்றன என்று நீங்கள் எழுதிய புத்தகத்தைக் கையெழுத்துப் போட்டு என் கையில் கொடுத்தீர்கள். பம்பு செய்யும் கம்பெனியில் முப்பத்துநான்கு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவனிடம் இந்த மாதிரிப் புத்தகத்தைக் கொடுக்கலாமா? என் காலத்தில் ஒரு வாஷர் இல்லாமல் வேலை நின்றது என்று யாரும் சொன்னதில்லை. எந்தச் சாமானும் மூன்று மாத இருப்புக்குக் கீழே இறங்கியதில்லை. சீட்டு இல்லாமல் முதலாளிக்கே ஒரு போல்ட் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவன் உங்கள் நாற்பத்தோராம் பக்கத்தைப் படித்தால் என்ன ஆவான்? கண் இமைப்பதானாலும் இதயம் துடிப்பதானாலும் அதற்குச் சக்தி கொடுப்பது ஏடிபி என்ற ஒரு பொருள், சார்ஜ் செய்த பாட்டரி மாதிரி என்கிறீர்கள். சரி. அது உடம்பு முழுக்கச் சேர்த்து அள்ளினாலும் ஒரு கைப்பிடிதான், புதிதாகச் செய்யாவிட்டால் ஓரிரு நிமிடத்தில் தீர்ந்துவிடும், ஆகவே செல்கள் தீர்ந்ததையே திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்து ஒரு நாளைக்கு நம்முடைய எடை அளவுக்குப் புழங்குகின்றன என்று ஏதோ பெருமைக்குரிய விஷயம் போல எழுதியிருக்கிறீர்கள். ஓரிரு நிமிட இருப்பு! எங்கள் கம்பெனியில் ஒருவன் இப்படி ஸ்டோர் நடத்தினால் காலையில் சேர்ந்தவனை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அறுபது வருடமாக இந்த லட்சணத்தில்தான் உயிரோடு இருந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் எனக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே பயமாகிவிட்டது.

மற்ற இடங்களிலாவது நிர்வாகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். உங்கள் அக்கா பால்கனியில் வளர்க்கும் செடிகள் வெயிலைப் பிடித்துச் சர்க்கரையாக்கி, மிஞ்சியதை மாவுச்சத்தாகக் கட்டி வைக்கின்றனவாம். ஆனால் வந்து விழும் வெயிலில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் சரக்காகச் சேருகிறது என்கிறீர்கள். இதென்ன சோம்பேறித்தனம் என்று நான் மணிக்கு ஒருமுறை தொட்டிகளை வெயில் பக்கம் நகர்த்தி வைத்ததில் இரண்டு தொட்டி உடைந்தது. கல்லீரலில் சேர்த்து வைக்கும் சர்க்கரையோ ஒரு நாளைக்கு வந்தால் அதிகம். கொழுப்பு ஒன்றைத்தான் முறையாக, வாரக்கணக்கில் வருகிற மாதிரி சேமித்திருக்கிறார்கள். அந்த இலாகாவைப் பாராட்டி நான் வயிற்றைத் தடவிக்கொண்டபோது, "அது உங்களுக்கு எப்பவுமே ஜாஸ்திதான்" என்றாள் உங்கள் அக்கா. உடம்பின் மொத்தச் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை மூளையே சாப்பிடுகிறது, ஆகவே இனி யோசிப்பதைக் குறைக்கப்போகிறேன் என்றேன். "அதுல பெரிசா ஒண்ணும் மிச்சமாகாதுங்க, விடுங்க" என்றாள். காலை நடையை நிறுத்தினேன். கடைக்குப் போவதை நிறுத்தினேன். எல்லாவற்றையும் அவளே செய்தாள். அவளிடம் இருப்பது எவ்வளவு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இருப்பைக் காப்பாற்றினால் போதாது, கூடுதல் இருப்பும் வேண்டும் என்று சர்க்கரை, தேன், குளுக்கோஸ் பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சீட்டு எழுதிக் கொடுத்தால் சரக்கு வெளியே வரும். இதுவரை தவறொன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். அடுத்ததுதான் கொஞ்சம் இடிக்கிறது. உங்கள் அக்கா சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவள். சாப்பாடு தள்ளிப்போனால் சட்டென்று சர்க்கரை இறங்கிவிடலாம் என்று டாக்டர் அவளை எப்போதும் கைப்பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஒரே சரக்கை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனி விதி. அந்த நாலு மிட்டாயையும் எடுத்துப் பீரோவில் சேர்த்தேன். அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வந்து சாப்பிடுகிறேன் என்று காய் வாங்கப் போனாள். கடையில் நேரமாகிவிட்டது. பதினொரு மணிக்குக் கீழ்த்தளத்துத் தையல்காரர் போன் செய்தார். "சார், அம்மா படியிலயே உக்காந்துட்டாங்க. வேர்த்துக் கொட்டுது, கையெல்லாம் நடுங்குது. பையில மிட்டாய் இருக்குன்னு தேடுறாங்க, காணோம். சீக்கிரம் வாங்க!" என்றார். நாங்கள் இருப்பது நாலாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. பீரோவைத் திறந்து குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். உங்கள் கணக்குப்படி நான் மூன்றாவது மாடித் திருப்பத்திலேயே தீர்ந்துபோயிருக்க வேண்டும். தீரவில்லை. தொடை கிடுகிடுவென்று ஆடியது, நெஞ்சு எரிந்தது, ஆனால் கால் கேட்கக் கேட்க உடம்பு எங்கிருந்தோ செய்து கொடுத்துக்கொண்டே இருந்தது. யாரிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியாது.

கீழே போனால் உங்கள் அக்கா டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். தையல்காரர் தன் ஃபிளாஸ்கில் இருந்த டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டிருக்கிறார். அவள் முகத்தில் தெளிவு வந்திருந்தது. நான்தான் நிற்க முடியாமல் அவள் பக்கத்தில் படியில் சரிந்தேன். அவளே என் கையிலிருந்த பாக்கெட்டைப் பிரித்து, ஒரு பிடி குளுக்கோஸை என் வாயில் போட்டாள். அப்போது பாக்கெட்டோடு சேர்ந்து என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். எடுத்துப் படித்தாள். 'பொருள்: குளுக்கோஸ். அளவு: ஒன்று. பெறுபவர்: மனைவி.' கீழே என் கையெழுத்து, தேதியோடு.

பழக்கதோஷம், மச்சான். கை தானாக எழுதிவிட்டது. அவள் வீட்டுக்கு வந்ததும், "மிட்டாய எடுத்ததுகூடப் போகட்டும், பீரோவைப் பூட்டினதுகூடப் போகட்டும். நான் படியில கெடக்கறேன்னு கேட்டப்புறமும் உக்காந்து சீட்டு எழுதியிருக்கீங்களே!" என்றாள். உட்கார்ந்து எழுதவில்லை, நின்றுகொண்டுதான் எழுதினேன் என்று நான் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்குப் பெட்டியை எடுத்தவள்தான்.

மூளை செல்களுக்குச் சொந்தமாகக் கையிருப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ரத்தம் அவ்வப்போது கொண்டுவரும் சர்க்கரையை நம்பித்தான் அவை இருக்கின்றன என்று எழுபத்தெட்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதை நாற்பத்தோராம் பக்கத்துக்கு முன்னால் போட்டிருக்கலாம். நான் அன்று சாயங்காலம்தான் அதைப் படித்தேன். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால், தையல்காரர் கடையைத் திறக்காமல் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருப்பதற்கு அதுவே காரணம். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. ஆகவே தயவுசெய்து வர வேண்டாம் என்று சொல்லிவிடவும். அடுத்த பதிப்பிலாவது இருப்பு நிலவரத்தைக் கொஞ்சம் உயர்த்திப் போட முடியுமா என்றும் பார்க்கவும்.

உங்கள் வீட்டில் அனைவருக்கும் என் அன்பும், சின்னவர்களுக்கு ஆசியும். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
ஸ்டோர் கீப்பர் (ஓய்வு)

பி.கு.: கவரில் போடுவதற்குள் உங்கள் அக்கா இதை வாங்கிக் கடைசி வரை படித்துவிட்டாள். பிறகு, "பயமா இருக்குன்னா என்கிட்ட சொல்றதுக்கென்ன? அதைப் போயி தம்பிக்கு எழுதுறீங்க" என்றாள். சொன்னேன். சொல்வதற்கு மாடிப்படியைவிட அதிகம் மூச்சு வாங்கியது. மறுபடி பெட்டியைத் திறந்து என் சட்டை இரண்டை உள்ளே வைத்தாள். ஆகவே வியாழக்கிழமை இருவரும் வருகிறோம். வர வேண்டாம் என்று போன் செய்துவிடாதீர்கள். செய்தால் யார் சொல்லிச் செய்தீர்கள் என்று அவளுக்கு இப்போது தெரியும். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். எழுதியதை எழுதியபடியே உங்களுக்கு அனுப்பியாக வேண்டும் என்பது அவள் உத்தரவு.