அட்டைக்குத் தெரிந்தது

ஒரு குழந்தைக்குப் போட வேண்டிய ஊசியைப் போடவிடாமல் தடுத்தவன் நான். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். நான் பெண் பார்க்கப் போக வேண்டியிருந்தது.

சிலோனிலிருந்து தோட்டத் தொழிலாளர்கள் கப்பலில் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கப் பழகிக்கொண்டிருந்தேன். (பழகிக்கொண்டிருந்தேன் என்று இப்போது சொல்கிறேன். அப்போது எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைப்பு.) மஞ்சூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் குடியேறிய குடும்பத்துப் பெண் புஷ்பராணிக்கு ஏழு வயது. பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ரத்தக்குழாய் ஒன்று அவள் இதயத்தருகே மூடாமலே இருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே திறந்து அதைக் கட்டினார் எங்கள் பெரிய டாக்டர். தையலுக்கு முன்னால் விலா நரம்புகளின் ஓரமாக மரத்துப்போகும் மருந்தை ஏற்றுவது அவர் வழக்கம். கண் விழிக்கிற பிள்ளைக்கு அந்தப் பக்கம் வலி தெரியாது.

"அந்த ஊசியை எடுப்பா" என்றார்.

மஞ்சூர் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது.

"சின்னப் பிள்ளைங்களுக்கு அவ்வளவா வலி தெரியாதுங்க சார். ஏற்கனவே நேரமாயிடுச்சு."

அடுத்த நோயாளி காத்திருந்தார். பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தையலைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள் என்று நான் வாதாடலாம். ஆனால் நான் அன்று நம்பியது பஸ் நேரத்தை மட்டும்தான்.

நான் பார்க்கப் போன பெண்ணின் அப்பா அதே எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். பெண் கோமதி, எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர். தூறலில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்கு வழியாக நடந்து, வெள்ளைப் பேண்ட்டோடு போய் உட்கார்ந்தேன். காலையில் முடிந்த புஷ்பராணியின் ஆபரேஷனை, ஏதோ நானே கத்தி பிடித்தவன் போல வர்ணித்தேன்.

"புஷ்பராணிங்களா?" என்றாள் கோமதி. "என் கிளாஸ் பிள்ளைதாங்க. அவங்கம்மாவை அங்கே போகச் சொன்னதே நான்தாங்க. இப்ப வலிக்காதுங்களா?"

"மரக்கிற ஊசி போடலாம்னார் பெரியவர். நான்தான் வேண்டாம்னுட்டேன். அந்த வயசுல வலின்னா என்னன்னே தெரியாதுங்க."

அவளுடைய மாமா குனிந்து பார்த்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, முழங்கால்ல என்னங்க செவப்பா?"

பேண்ட்டைச் சுருட்டினேன். ரத்தம் குடித்துத் திராட்சை போல உப்பிய அட்டை. "அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் பலகாரத் தட்டு கீழே விழுந்தது. (காலை முழுக்கத் திறந்த நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.)

கோமதி உப்பு கொண்டுவந்து போட்டாள். அட்டை சுருண்டு விழுந்தது.

"கத்தாதீங்க. அட்டை கடிச்சா வலிக்காதுங்க. அது மரக்க வெச்சுட்டுத்தான் கடிக்கும்." உப்புக் கிண்ணத்தை மூடிக்கொண்டே சொன்னாள்: "அதுக்குக்கூடத் தெரிஞ்சிருக்குதுங்க."

"கண்ணு, நீ உள்ளே போ" என்றார் அவள் அப்பா.

மறுநாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். புஷ்பராணி சத்தமில்லாமல் படுத்திருந்தாள். மூச்சைச் சிட்டிகை சிட்டிகையாக எடுத்துக்கொண்டிருந்தாள். சரியாக மூச்சு விடாமலும் இருமாமலும் கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், உயிருக்கே ஆபத்து.

"அழலையா?" என்று அவள் அம்மாவிடம் கேட்டேன்.

"அழுதா ரொம்ப நோகுதாம் ஐயா. அதான் அழாமக் கெடக்குறா."

பெரிய டாக்டரிடம் போய், பஸ்ஸுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "இப்பப் போய்ப் போடு. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். முதுகுப் பக்கமாக, ஒவ்வொரு விலா எலும்பின் கீழும் மருந்தை ஏற்றினேன். சிறிது நேரத்தில் புஷ்பராணி ஒரு முழு மூச்சு இழுத்தாள். பிறகு வார்டே அதிர அழுதாள். வலி இல்லாததால் அழ முடிந்தது. அவள் அம்மா அதைக் கேட்டுச் சிரித்தார்.

மருந்தின் வேகம் குறையும்போதெல்லாம் போட இரண்டு நாள் அங்கேயே இருந்தேன். அந்த அம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன்.

"கப்பல்ல ஏத்துனப்போ எங்களை யாரும் நோகுதான்னு கேக்கலைங்கய்யா" என்றார். "நீங்க ஒரு நாள் பிந்தியாச்சும் கேட்டீங்க."

புஷ்பராணி இருமினாள், இட்லி கேட்டாள் என்று கோமதிக்குக் கடிதம் எழுதினேன். பதில் இரண்டே வரி. 'அட்டையின் அளவுக்கு வந்துவிட்டீர்கள். வீட்டில் பேசச் சொல்லுங்கள்.'

அதன் பிறகு அந்த ஊசி இல்லாமல் எந்தக் குழந்தையையும் என் மேஜையிலிருந்து இறக்கியதில்லை. புஷ்பராணிக்கு இப்போது பேரன் இருக்கிறான். தைப்பொங்கலுக்குத் தேயிலைத் தூளோடு எங்கள் குன்னூர் வீட்டுக்கு வருகிறாள். எனக்கு அது அதிகம் என்றுதான் ஒவ்வொரு வருடமும் தோன்றும்.

போன வருடம் எனக்கு முழங்கால் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்க வந்த இளைஞர், காலுக்குத் தனியாக மரப்பு ஊசி போடட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் கோமதி முந்திக்கொண்டாள்.

"வயசானவங்களுக்கு அவ்வளவா வலி தெரியாதுங்க தம்பி. இருந்தாலும் போட்டுருங்க. இவரு அட்டைக்கே கத்துனவரு."