தீர்த்தக் கோலில் ஓர் ஓட்டை

நான் ஒரு முறை ஆண்டவருடைய சொத்தில் ஓட்டை போட்டிருக்கிறேன். சரியாக ஆறு மில்லிமீட்டர். பாவசங்கீர்த்தனத்தில் எப்போதோ சொல்லியாகிவிட்டது. உங்களிடம் சொல்ல இனி வெட்கமில்லை (கொஞ்சம் இருக்கிறது).

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வீடு தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், வேலை யட்டியாந்தோட்டை பஜாரில் பசீர் நானாவின் போன் ரிபேர் கடையில். கடை முடிந்து வந்தால் ஒளிவாள் பிடி செய்வேன். விண்வெளிப் படங்களில் பட்டனை அமுக்கினால் ஒளி பாய்கிற வாள் வருமே, அதன் கைப்பிடி. என் வாளில் ஒளி பாயாது. நுனியில் ஒரு நீல பல்பு எரியும், வீசினால் 'வூம்' என்று சத்தம் வரும், எதிலாவது பட்டால் 'டணார்' என்னும். அதற்கே நான் என்னை ஒரு விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்தடிக்கிற டாங்கியின் பித்தளைக் குழாய், த்ரீவீல் ஹேண்டில் ரப்பர், விளையாட்டுத் துப்பாக்கியின் சர்க்யூட் என்று என் கட்டிலுக்கு அடியில் கால் வைக்க இடமில்லை.

"இது வீடா, பழைய இரும்புக் கடையா?" என்று அப்பா வாரம் ஒரு முறை கேட்பார். ரப்பர் ஃபெக்டரியில் வேலை செய்கிற மனிதர். அவருக்கும் சத்தத்துக்கும் ஆகாது.

அந்த நேரம் பார்த்து எங்கள் கோயில் ஃபாதர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே தீர்த்தம் தெளிக்கிற பித்தளைக் கோல். நுனியில் சல்லடை மாதிரி ஓர் உருண்டை. அதன் மரை தேய்ந்து, திருநாள் பூசையில் உருண்டை பறந்துபோய் ஹார்மோனியத்தில் விழுந்திருந்தது (சுருதி கெடவில்லை, ஏற்கனவே கெட்டுத்தான் இருந்தது).

"மகள், நீதான் இந்தக் குழாய்ச் சாமான் எல்லாம் செய்யிறியே, இதையும் கொஞ்சம் பாரு. மாசக் கடைசியில ஒங்க புது வீட்டுக்குத் தீர்த்தம் தெளிக்கிற மந்திரிப்புக்குத் தந்தாப் போதும்."

மரையை அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டேன். அப்போதே கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. கைப்பிடியைத் திருப்பிப் பார்த்ததுதான் வினை. கடைந்தெடுத்த வளையங்கள், கைக்கு அடக்கமான கனம், உள்ளே வெறும் கூடு. இத்தனை நாள் நான் குப்பை குப்பையாகத் தேடியது கோயில் அலமாரியில் தூங்கியிருக்கிறது! மாத நடுவில் கொழும்பில் ஒரு சினிமா வேஷப் போட்டி இருந்தது. அங்கே காட்டிவிட்டு, எல்லாவற்றையும் பிடுங்கி, ஓட்டையை மெழுகால் அடைத்துக் கொடுத்துவிடலாம். பட்டனுக்கு ஓட்டை போட்டேன். சர்க்யூட், பேட்டரி, பல்பு எல்லாம் உள்ளே போயின. ஈரம் புகக் கூடாதே என்று பசையை ஊற்றி அடைத்தேன். பசை கல்லாக இறுகியது. என்ன வேலைப்பாடு!

போட்டிக்கு நான்கு நாள் முன்பு, சாயங்காலம், அப்பா புதுச் சட்டைப் பொட்டலத்தோடு வந்தார்.

"ஃபாதருக்கு மாசக் கடைசியில தியானமாம். மந்திரிப்ப நாளைக்குக் காலையில வச்சாச்சு."

மூன்று தலைமுறை லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் கிடந்த குடும்பத்துக்கு முதல் சொந்த வீடு அது. தோட்டத்து உதவி மேனேஜர் சின்னதொரையைக்கூட அப்பா அழைத்திருந்தார்.

"நாளைக்கு ஒரு நாளாச்சும் மானத்தக் காப்பாத்து பாப்பா. இந்த வீட்டுக்கு நான் எத்தன வருசம் அலைஞ்சேன்னு ஒனக்குத் தெரியும்" என்றார்.

பசையைச் சுரண்டினேன். ஸ்க்ரூட்ரைவர்தான் வளைந்தது. கடைசியில் பட்டனின் மேல் வெள்ளைத் துணி நாடாவைச் சுற்றி, காலையில் ஃபாதரிடம் நீட்டினேன்.

"வழுக்காம இருக்கட்டும்னு சுத்தியிருக்கேன் ஃபாதர்."

"நல்ல பிள்ளை" என்றார்.

முன் அறையில் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த அறையிலும் இல்லை. சமையலறை வாசலில் ஃபாதர் பிடியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார்.

"பிதா, சுதன்..."

வூம்.

உருண்டையின் ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் நீல ஒளி பீறிட்டு, வெள்ளையடித்த புதுச் சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெறித்தது. அம்மா முழங்காலில் விழுந்தார். சின்னதொரை போனை எடுத்தார். பக்கத்து வீட்டு சிங்கள அக்கா மட்டும் "அனே, லஸ்ஸனய்!" என்று அந்த அழகை மனம் விட்டு ரசித்தார்.

ஃபாதர் பதறிக் கோலை உதறினார். வூம், வூம். வாளியில் முக்கினார். டணார்!

"ஸ்டெல்லா, இத எப்படி நிப்பாட்டுறது?"

"பட்டன அஞ்சு செக்கன் அமுக்கணும் ஃபாதர். ஆனா பட்டன் துணிக்கு உள்ள..."

மந்திரிப்பைப் பாதியில் விட முடியுமா? மிச்சமிருந்த சமையலறை, குளியலறை, கோழிக்கூடு எல்லாம் 'வூம்' போட்டே மந்திரிக்கப்பட்டன. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் யாரையும் பார்க்காமல் புதுச் சட்டையின் பட்டனைத் திருகிக்கொண்டு நின்றார். இன்று நினைத்தாலும் எனக்கு வலிப்பது அது ஒன்றுதான்.

அன்று பின்னேரமே என் சாமான் முழுவதும் சாக்கில் ஏறியது. அப்பா அதை இறுக்கிக் கட்டி, பழைய இரும்புக்காரனுக்காக வாசலில் வைத்தார். என்னோடு பேச்சில்லை. மூன்றாம் நாள் ஃபாதர் கோலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஓட்டையோட இத நான் என்ன செய்யிறது? ஞாயித்துக்கிழமைக்குள்ள புதுப் பிடி போட்டுக் குடு."

"சாமான் இல்ல ஃபாதர்" என்று சாக்கைப் பார்த்தேன்.

அப்பா எழுந்துபோய், தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்தார். அவிழ்க்கப் பத்து நிமிடம் ஆனது, அவ்வளவு கோபத்தில் கட்டியிருக்கிறார்.

இன்றும் எங்கள் கோயில் கோலின் பிடி மருந்து டாங்கிக் குழாய்தான் (ஏழு தரம் கழுவினேன்). மேலே த்ரீவீல் ரப்பர். கொழும்புப் போட்டிக்கு நான் போகவே இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வர வேண்டுமானால், தெரணியகலை ஸ்டாண்டில் எந்த த்ரீவீல்காரரிடமும் "வூம் வீடு" என்று சொன்னால் போதும்.

வீடு வந்து ஆறு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். அதே ஃபாதர், அதே கோல். அதுவரை அப்பா அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பக்கத்தில் யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். எங்கள் தலைக்கு மேலே கோலை ஓங்கிய ஃபாதர் ஒரு கணம் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், வாயாலேயே, மெல்லச் சொன்னார்:

"வூம்."

மாப்பிள்ளை திடுக்கிட்டார். முதலில் சிரித்தது அப்பா.