பின் சீட்டு எவ்வளவு சாயும்?

கார் வாங்குகிறவர்களில் இரண்டு வகையினரால் யாருக்கும் தொந்தரவில்லை. பணம் இருப்பதால் வாங்குகிறவர்கள் ஒரு வகை. பணம் இல்லாவிட்டாலும் வாங்குகிறவர்கள் இன்னொரு வகை. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. கையில் பணம் இருக்கும், மனதில் ஆசை இருக்கும், எந்தக் கம்பெனி, எந்தக் கார், என்ன நிறம் என்பதுகூட முடிவாகியிருக்கும். ஆனால் அதே காரின் டாப் மாடலை வாங்குவதா, ஒரு படி கீழே இருக்கும் நடு மாடலோடு நிறுத்திக்கொள்வதா என்ற இடத்தில் வண்டி சேற்றில் இறங்கிவிடும். இறங்கினால் இறங்கியதுதான். அவர் தள்ள மாட்டார். உங்களைத் தள்ளச் சொல்வார்.

இப்படி ஒருவரை உங்களுக்கும் தெரியும். லிஃப்டில் பிடித்துக்கொள்வார், மருந்துக்கடை வரிசையில் பிடித்துக்கொள்வார். அந்தக் கூடுதல் பணத்துக்கு டாப் மாடல் தகுமா என்று கேட்பார். தகும் என்று சொல்லிப் பாருங்கள், தகாது என்பதற்கு ஏழு காரணம் சொல்வார். வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், அவர் குழந்தையை நீங்கள் குறை சொன்னதுபோல் முகம் வாடிவிடும். அவருக்கு வேண்டியது உங்கள் கருத்தா? இல்லை. காது.

நான் சொல்ல வந்தவர் ஒரு பல் டாக்டர். இந்த இனத்திலேயே ஆபத்தானவர்கள் பல் டாக்டர்கள்தான், ஏனென்றால் அவர்கள் எதிரில் இருப்பவரால் எழுந்து போக முடியாது. வாய்க்குள் பஞ்சு, உதட்டோரம் குழாய், கண்ணுக்கு நேரே விளக்கு. அந்த நிலையில்தான் டாக்டர் ஆரம்பிப்பார்.

"டாப் மாடல்ல பின் சீட்டு தன்னால சாயுது, காலுக்குத் தனிப் பலகை வருது. நடு மாடல்ல ரெண்டும் கிடையாது. என்ன சொல்றீங்க?"

நோயாளி "ஆ" என்பார்.

"அதேதான் நானும் நெனச்சேன்" என்று டாக்டர் அடுத்த பல்லுக்குப் போவார். இப்படியே ஐந்து மாதத்தில் நானூறு பேரிடம் கருத்துக் கேட்டு, அதில் ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை என்று வீட்டில் பெருமையாக அறிவித்தார். அப்படியானால் டாப் மாடலையே வாங்கிவிட வேண்டியதுதானே? அதெப்படி? நானூறு பேரும் ஒரே மாதிரிச் சொன்னது அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

எக்ஸ்ரே வைக்கும் உறைக்குள் கார் விளம்பரப் புத்தகம் இருந்தது. பின் சீட்டு நாற்பது டிகிரி சாயும் என்று அதில் போட்டிருந்தார்கள். நாற்பது டிகிரி என்றால் உடம்புக்கு எப்படி இருக்கும்? நோயாளிகளின் நாற்காலியில் தாமே படுத்து, பொத்தானை அழுத்தி, கோணம் பார்த்து, கண்ணை மூடி அனுபவித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நர்ஸம்மா அடுத்த ஆளை உள்ளே அனுப்ப, டாக்டரே நாற்காலியில் மல்லாந்து கிடப்பதைக் கண்ட மனிதர், தன் கடைவாய்ப் பல் அப்படியொன்றும் வலிக்கவில்லை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளட்டுமே, அப்படி என்ன அவசரம் என்றுதானே கேட்கிறீர்கள்? அவசரம் அவர் மகள். அவளுக்குக் கட்டடக்கலைக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. காரில் ஏழு மணி நேரம் போக வேண்டிய ஊர். முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வருஷம் பழைய காரில் அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டவர் டாக்டர்தான். அதனால் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பஸ்ஸும் வேணாம், ரயிலும் வேணாம். நீங்களே கார்ல கொண்டுபோய் விடுங்கப்பா."

"புதுக் கார்லயே போவோம்" என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்த கையோடு, புதிது வரத்தான் போகிறதே என்ற தைரியத்தில், தம்மிடம் மூன்று பல் கட்டிக்கொண்ட ஒருவருக்குப் பழைய காரை விற்றும் விட்டார். ஆக, மகளை ஹாஸ்டலில் விட வேண்டிய பதினாலாம் தேதி உறுதி, பழைய கார் போனது உறுதி. புதுக் கார் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

அவர் மனைவி கணக்கு டீச்சர். தேவையில்லாமல் பேச மாட்டார். ஒருநாள் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டார்.

"ஏங்க, டாப் மாடல்ல கூடுதலா இருக்கிறதெல்லாம் பின் சீட்டுலதானே இருக்கு? இவ காலேஜுக்குப் போயிட்டா அங்க யாருங்க உக்காரப் போறா?"

ஐந்து மாதமாக டாக்டர் பார்த்த எந்தக் கார் வீடியோவிலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. எழுந்து போய் மகளின் அறையில் மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

ஷோரூமுக்கு அவர் போன கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே டை கட்டிய விற்பனையாளர் ஒருவர், பொறுமைக்காகவே சம்பளம் வாங்குகிறவர். டாக்டர் முதலில் டாப் மாடலின் கதவைக் கண்ணை மூடிக்கொண்டு சாத்திக் கேட்பார். பிறகு நடு மாடலின் கதவை. பிறகு, சரியாகக் காதில் விழவில்லை என்று, மறுபடி டாப் மாடல். அடுத்து ஸ்டியரிங்குக்கு முன்னாலிருக்கும் மரப் பட்டையை, சொத்தைப் பல்லைத் தட்டுவதுபோல் விரல் முட்டியால் தட்டுவார். "இது ஒரிஜினல் மரம் இல்ல, மேல கேப்பு போட்டிருக்காங்க" என்பார். டைக்காரர் தலையாட்டுவார். காப்பி வரும். பதினோரு முறை போய்ப் பதினோரு காப்பி குடித்ததுதான் மிச்சம்.

பதினோராவது முறை துணைக்கு மைத்துனரையும் அழைத்துப் போனார். மனைவியின் தம்பி, பெயிண்ட் கடைக்காரர். கார் வாங்கும் எண்ணத்தோடு அவர் வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை. அத்தான் கதவு சாத்திக்கொண்டிருந்த நேரத்தில், மூலையில் நின்ற நீல நிற நடு மாடலை இரண்டு தடவை சுற்றி வந்தார். எங்கள் கடையில் இந்த நீலத்தைக் கலக்கவே முடியவில்லை என்றார். அரை மணியில் பணம் கட்டிவிட்டார்.

டாக்டர் கதவை விட்டுவிட்டு ஓடி வந்தார். "கதவைச் சாத்திக் கேட்டியா?"

"சாத்திப் பாத்தேன் அத்தான். சாத்திக்கிச்சு."

ரோஷம் வந்தால்தான் இந்த இனத்துக்கு முடிவு வரும். அன்றைக்கே, அந்த இடத்திலேயே, டாக்டர் டாப் மாடல் என்று முடிவு செய்தார். டைக்காரர் மெல்லத் தொண்டையைச் செருமினார். டாப் மாடல் வரப் பத்து வாரம் ஆகும், முதல் நாளே சொல்லியிருந்தேன், நடு மாடல் என்றால் நாலே நாளில் தரலாம் என்றார். பதினாலாம் தேதிக்கு இன்னும் மூன்றே வாரம்தான். டாக்டர் தம் குறிப்பேட்டைப் புரட்டினார். 'பத்து வாரம்' என்று முதல் பக்கத்திலேயே அவர் கையெழுத்தில் இருந்தது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.

நடு மாடலை வாங்கியிருக்கலாம். வாங்கினால் ஆயுசுக்கும், பின் சீட்டு சாயாதபோதெல்லாம், சாய்ந்திருக்குமே என்று தோன்றும். அந்த உறுத்தலை எப்படித் தாங்குவது? டாப் மாடலுக்கே முன்பணம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"அப்ப பதினாலாம் தேதி?" என்றார் டீச்சர்.

மகள்தான் பதில் சொன்னாள். "பரவால்லப்பா. மாமா கார்ல போய்க்கலாம்."

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் டாக்டர் சமாதானம் சொல்லியிருப்பார். அந்தப் 'பரவால்ல' அவரைச் சுட்டுவிட்டது. அன்று மாலை கிளினிக்கில் யாரிடமும் கார் பேச்சே எடுக்காமல் பல் மட்டும் பார்த்தார். நோயாளிகள் கவலைப்பட்டார்கள்.

பதினாலாம் தேதி விடிந்ததும் நீலக் கார் கிளம்பியது. மைத்துனர் ஓட்ட, டீச்சர் அவர் பக்கத்தில். பின்னால் டாக்டரும் மகளும், ஜன்னலோரம் அவளுடைய வரைபலகையும். டாக்டர் முதலில் முதுகால் சீட்டைத் தள்ளிப் பார்த்தார். சாயவில்லை. அவருக்கு ஒரு திருப்தி. டாப் மாடல் என்றால் பின்னால் இரண்டே சீட்டு, தனித்தனியாக, நடுவில் அகலமாய் ஒரு பெட்டி, அதில் தண்ணீர் பாட்டில் குளிர்ந்தே இருக்கும், ஆளுக்கொரு திரை என்று மகளுக்கு விளக்கினார். இங்கேயோ பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி ஒரே நீளச் சீட்டு. அவள் "ம்" என்றாள். கொஞ்ச நேரத்தில் "ம்" நின்றது. தலை அவர் தோளில் வந்து விழுந்தது.

அவள் தூங்கிவிட்டாள். முதல் வகுப்புப் படித்தபோது பழைய காரில் இப்படித் தூங்கியிருக்கிறாள். அதற்குப் பிறகு இல்லை. டாக்டர் அசையவில்லை. தோள் கனத்தது, கை மரத்தது, முதுகு சாய்வதற்கு இடமின்றி நிமிர்ந்தே கிடந்து வலித்தது. மூன்று மணி நேரம் அவர் வாயைத் திறக்கவில்லை. சீட்டு வசதியா அத்தான் என்று மைத்துனர் கண்ணாடி வழியாகக் கேட்டதற்கு, உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அந்த மூன்று மணி நேரமும் அவர் சந்தோஷமாக இருந்தார். தனித்தனிச் சீட்டும் நடுவில் பெட்டியுமாக இருந்தால் இந்தத் தலை இங்கே வந்திருக்காது என்பது அவருக்கும் புரிந்தது.

ஹாஸ்டல் வாசலில் அழுகை, பெட்டி, பூட்டு, சாவி எல்லாம் முடிந்தது. திரும்பும்போது பின் சீட்டு முழுவதும் அவர் ஒருவருக்கே. பாதி வழி வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், திடீரென்று போனை எடுத்து டைக்காரரைக் கூப்பிட்டார். மனிதருக்குப் புத்தி வந்துவிட்டது, டாப் மாடல் வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று டீச்சர் நிம்மதியோடு திரும்பிப் பார்த்தார்.

"சார், டாப் மாடல்ல பின்னாடி தனித்தனிச் சீட்டு இல்லாம, ஒரே நீளச் சீட்டா வருமா?"

"அது நடு மாடல்லதான் சார் வரும்."

டாக்டர் யோசித்தார். நீண்ட நேரம் யோசித்தார்.

"சரி, ஞாயித்துக்கெழம வரேன். நேர்ல பேசி முடிவு பண்ணிடுவோம்."

டீச்சர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிரித்திருப்பீர்கள். நல்லது. போவதற்கு முன் ஒன்று. டாப் மாடலுக்கும் நடு மாடலுக்கும் விலையில் எவ்வளவு வித்தியாசம் என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. அந்தப் பெண் முதல் லீவுக்கு எப்போது வீட்டுக்கு வருவாள் என்றும் சொல்லவில்லை. இவ்வளவு நேரமும் இரண்டில் எதைத் தேடிக்கொண்டு வந்தீர்கள்? முதலாவது என்றால், ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்கு வாருங்கள். டாக்டர் அங்கேதான் இருப்பார். கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திக் கேளுங்கள் என்பார், நீங்களும் கேட்பீர்கள்.